பங்குக் கிணற்றுக்கு உறுதி எழுதலாமோ? லூப், சாம்பிள், சொந்த வாசிப்பு: ஒரு ஒப்பீடு

போன மாதம் ஒரு பின்னேரம் கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி மடிக்கணினியும் கையுமாக வந்தான். வெளிநாட்டு மியூசிக் லைப்ரரி ஒன்று, அதாவது வீடியோவுக்கும் விளம்பரத்துக்கும் போடப் பின்னணி இசையைச் சேர்த்து வைத்து விற்கிற நிறுவனம், அவனிடம் பத்து ட்ராக் கேட்டிருக்கிறது. சந்தோசமான விசயம்தான், ஆனால் முகத்தில் அதைக் காணவில்லை. ஒப்பந்தத்தைத் திறந்து நடுவில் ஒரு பந்தியைக் காட்டினான். தமிழில் சொன்னால் இதுதான் அதன் சாரம்: இந்த இசை முழுவதும் என் சொந்த ஆக்கம், வேறு எவருக்கும் இதில் பங்கில்லை, உங்களைத் தவிர யாருக்கும் இதைக் கொடுக்கமாட்டேன், நாளைக்கு யாராவது உரிமை கேட்டு வந்தால் அந்தச் செலவு என் தலையில்.

"அண்ணை, இதிலை கையெழுத்து வைக்கலாமோ?"

பத்தையும் போட்டுக் கேட்டோம். கேட்கக் கேட்க அவனே சொல்லிக்கொண்டு வந்தான். இந்தப் புல்லாங்குழல் வாங்கின லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடுகிற மாதிரி ஆயத்தமாகப் பதிந்து விற்கிற சின்ன இசைத்துண்டு. இந்தப் பியானோவும் அப்படித்தான். இந்த ட்ரம்ஸ் ஆரோ இலவசமாகக் கொடுத்த பொதியில் இருந்து எடுத்தது. மொத்தம் ஆறு ட்ராக்கில் லூப் இருந்தது. அதில் மூன்றில் லூப்பைக் கழற்றிவிட்டால் ஒரு பேஸும் கொஞ்சம் எதிரொலியும்தான் மிஞ்சும்.

அன்றைக்கு இரவுச் சாப்பாடு வரைக்கும் கதைத்தோம். இங்கே வீட்டு அறையை ஸ்ரூடியோ ஆக்கி வைத்துக்கொண்டு கலியாண வீடியோவுக்கும் கடை விளம்பரத்துக்கும் குறும்படத்துக்கும் இசை செய்கிற பெடியள் எல்லாருக்கும் இதே கேள்வி ஒரு நாள் வரும் என்பதால், கதைத்ததை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். லூப் விற்கிற தளங்கள் எல்லாவற்றிலும் 'ரோயல்டி ஃப்ரீ' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எங்கட ஆக்கள் அதை 'உரிமை இல்லாதது', 'ஆரும் என்னவும் செய்யலாம்' என்று வாசித்துக்கொள்கிறார்கள். அதன் பொருள் அவ்வளவு பெரிதில்லை. ஒருதரம் காசு கட்டினால், அந்தச் சத்தத்தை வைத்து நீங்கள் செய்த பாட்டு எத்தனைதரம் ஒலித்தாலும் திரும்பக் காசு கேட்கமாட்டோம் என்பதுதான். சத்தத்தின் உரிமை அதைச் செய்தவரிடமே இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது பாவிக்கிற அனுமதி. அதே அனுமதி பிரேசிலில் ஒருவருக்கும், சென்னையில் ஒருவருக்கும், பக்கத்துக் கொக்குவிலில் ஒருவருக்கும் கிடைத்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் இதை விளங்கப்படுத்துவது சுகம். பங்குக் கிணறு இல்லாத ஊர் எங்களுக்கு ஏது? காணி உறுதிப் பத்திரத்திலேயே கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும் எழுதியிருக்கும். பங்கு இருந்தால் தாராளமாகத் தண்ணி அள்ளலாம், தோட்டத்துக்கு இறைக்கலாம், விளைந்த வெங்காயத்தை விற்கலாம். கிணற்றைத் தனி உடைமையாகக் காட்டி இன்னொருவருக்கு உறுதி முடிக்க ஏலாது. அந்த லைப்ரரி ஒப்பந்தம் கேட்பது அந்தத் தனி உறுதியைத்தான்.

இன்னொரு விசயம், பாட்டுக்கு இரண்டு உரிமை உண்டு: மெட்டுக்கு ஒன்று, அதை ஒலிப்பதிவு செய்த பதிவுக்கு ஒன்று. காலமை பாண் விற்க வருகிற ஓட்டோ எழுப்புகிற அந்த மெட்டு பேத்தோவனுடையது. அவர் 1827 இல் இறந்துபோனார். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியவர் இறந்து 70 வருடத்தோடு அவருடைய உரிமை முடிந்துவிடும். அந்த மெட்டை நீங்கள் கீபோர்ட்டில் வாசித்து விற்கலாம். ஆனால் ஒரு பியானோக் கலைஞர் அண்மையில் அதை வாசித்துப் பதிந்த பதிவை வெட்டி ஒட்டினால் கதை வேறு. ஒலிப்பதிவுக்கு 50 வருடப் பாதுகாப்பு இருக்கிறது. லூப், சாம்பிள் (ஒரு பதிவில் இருந்து எடுத்த சத்தத் துண்டு) என்று வரும்போது எப்போதும் நாங்கள் கைவைப்பது இந்த இரண்டாவது உரிமையில். லூப்பில் மெட்டும் இருந்தால் இரண்டிலும்.

சரி, வழிகளைப் பார்ப்போம்.

ஆயத்த லூப்

இதைக் கரித்துக்கொட்ட எனக்கு மனமில்லை, ஏனென்றால் நானும் இதில்தான் பிழைத்தேன். இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் ஒரு வீடியோக்காரர் "தம்பி, விடியக் காட்டவேணும், நாற்பது செக்கனுக்கு ஒரு மியூசிக்" என்று கேட்டால், தவில்காரரை எழுப்பவா முடியும்? நல்ல தளத்தில் மாதக் கட்டணம் கட்டி எடுத்த லூப்பின் ஒலித்தரம் எங்கட அறையில் பதிவதைவிடச் சுத்தமாக இருக்கும். வேகமும் சுருதியும் எழுதியே வரும். வெட்டி ஒட்டி ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடலாம். பெரிய இடங்களிலும் பாவிக்கிறார்கள். ரிஹானாவின் 'அம்பிரெல்லா' 2007 இல் வந்தபோது உலகம் முழுக்க ஒலித்த அந்த ட்ரம்ஸ், அப்பிள் கணினியோடு சும்மா வருகிற கராஜ்பாண்டில் 'வின்டேஜ் ஃபங்க் கிட் 03' என்ற பெயரில் கிடந்த லூப்.

ஆனால் இதையே மறுபக்கமாகவும் பாருங்கள். அதே ட்ரம்ஸை இன்றைக்கு நீங்கள் எடுத்தால், சட்டப்படி ஒரு பிழையும் இல்லை, கேட்பவன் மட்டும் உடனே "குடைப் பாட்டு" என்பான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முதல் ஒரு புடவைக்கடைக்கு முப்பது செக்கன் விளம்பர இசை செய்தேன். அழகான புல்லாங்குழல் லூப் ஒன்று, நாலு பார் (நாலு தாளச் சுற்று) நீளம். அதைச் சுற்றித்தான் எல்லாமே. முதலாளிக்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது, கடையிலும் போட்டார், பெருநாள் காலத்தில் ரேடியோவிலும் போட்டார். இரண்டு மாதம் போக, வேறொரு ஊர் நகைக்கடையின் விளம்பரத்தில் அதே குழல், அதே நாலு பார், கொஞ்சம் வேகம் கூட. முதலாளி தொலைபேசியில் பிடித்தார்.

"என்ன தம்பி, எங்கட பாட்டை உவையளுக்கும் வித்துப்போட்டீரோ?"

விற்கவில்லை என்று சொன்னேன். அப்போ அவர்கள் களவெடுத்தார்களா என்று கேட்டார். அதுவும் இல்லை என்றேன். அப்போ எப்படி? அதற்கு என்னிடம் இருந்த நேர்மையான பதில், 'நான் உங்களுக்கு என்று செய்து தந்ததன் முக்கால்வாசி எனக்கு மட்டும் உரியதல்ல' என்பது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. காசைத் திருப்பிக் கேட்காமல் விட்டது அந்த மனுசனின் பெருந்தன்மை. பிறகு அவர் என்னிடம் வேலை தரவில்லை.

இரண்டாவது ஆபத்து யூரியூப்பில். அங்கே 2007 இல் இருந்து கன்ரென்ட் ஐடி என்று ஒரு தானியங்கி ஏற்பாடு இருக்கிறது. உரிமைக்காரர் தன் பாட்டை மாதிரியாகக் கொடுத்துவைப்பார். ஏறுகிற ஒவ்வொரு வீடியோவையும் இயந்திரம் அந்த மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இப்போ, உங்களைப்போலவே அதே லூப்பை வாங்கின ஒருவர் தன் பாட்டை அதில் பதிந்துவிட்டார் என்று வையுங்கள். இயந்திரத்துக்கு ஆர் முதல் வாங்கினது, ஆரிடம் லைசென்ஸ் இருக்கிறது என்பதெல்லாம் தெரியாது. உங்கள் பாட்டு அவருடையது என்று ஒரு கோரிக்கை வந்து விழும். பலருக்கும் பொதுவாக விற்கப்பட்ட லூப்பை வைத்து இப்படி உரிமை கோரக்கூடாது என்று யூரியூப்பின் விதியிலேயே இருக்கிறது. விதி இருக்கிறது, ஆனால் வாசிக்காமல் பெட்டியில் சரி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் மறுப்புத் தெரிவித்தால் எதிர்ப்பக்கத்துக்குப் பதில் சொல்ல 30 நாள். நீங்கள்தான் சரி என்று கடைசியில் முடிவாகலாம். அதற்குள் ரொறன்ரோவில் இருக்கிற மாப்பிள்ளை வீட்டார் "எங்கட கலியாண வீடியோவுக்கு ஏன் கொப்பிரைட் காட்டுது?" என்று வீடியோக்காரரைப் பிடிக்க, அவர் உங்களைப் பிடிக்க, நீங்கள் லைசென்ஸ் தாளைத் தேட வேண்டியதுதான்.

இதே காரணத்தால் நீங்களும் லூப் வைத்த பாட்டை வெளியிடும்போது, விநியோகத் தளம் 'கன்ரென்ட் ஐடியில் சேர்க்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். இன்னொருவருக்கு அதே தலையிடியைக் கொடுக்கிற ஆளாக மாறவேண்டாம்.

மூன்றாவது, இசைப்பக்கம். இதைப்பற்றி ஒருவரும் எழுதுவதில்லை, எனக்கென்றால் இதுதான் பெரிது. 'இந்தியன் பெர்கஷன்' என்று ஒரு பொதி வாங்கினால் உள்ளே தபேலா, டோல், இன்னும் கொஞ்சம் தபேலா. தவில் இருந்தால் அதிசயம், உடுக்கும் பறையும் அதைவிட அதிசயம். எல்லாம் நாலு நாலாக எண்ணுகிற தாளம். மூன்றும் நாலுமாக ஏழு அட்சரம் (தாள எண்ணிக்கை) நடக்கிற மிஸ்ர சாபுவில் உங்களிடம் ஒரு பாட்டு வந்தால் அந்தப் பொதியால் ஒரு உதவியும் இல்லை. நாலு அடி லூப்பை வெட்டி ஏழாக்கினால், கால் சிறுத்த சாரத்தை இழுத்து உடுத்தது மாதிரி இருக்கும்.

சுருதி இன்னும் மோசம். லூப்பின் பெயரில் 'சி மைனர்' என்று இருக்கும். ஒரு பக்திப்பாட்டுக்கு கரகரப்பிரியாவில் மெட்டுப் போட்டு, பின்னால் அந்தக் குழலைப் போட்டேன். முதல் வரி அமர்க்களம். பாடகி தைவதத்துக்கு (ஏழு சுரத்தில் ஆறாவதான 'த'வுக்கு) போனதும் முகத்தைச் சுழித்து ஹெட்போனைக் கழற்றிவிட்டார். அவர் பாடியது சதுச்ருதி தைவதம், லூப்பில் இருந்தது சுத்த தைவதம்; வெள்ளைக்காரனின் சி மைனர் எங்கட நடபைரவியோடுதான் பொருந்தும். இரண்டு ராகமும் ஒரே ஒரு சுரத்தில் பிரிகிறவை, அந்த ஒரு சுரத்தில் பிடரியில் அடித்த மாதிரி இருந்தது. நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி வேகத்தில் பதிந்த லூப்பை நூற்றிருபதுக்கு இழுத்தால் அடியின் கூர்மை மழுங்குவதும், கமகம் (சுரத்தை அசைத்து வளைக்கிற அழகு) நடுக்கமாக மாறுவதும் தனிக்கதை.

நாலாவதாக, லைப்ரரிக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல். அவர்கள் முழு ட்ராக்கோடு நிற்கமாட்டார்கள். அறுபது, முப்பது, பதினைந்து செக்கன் வடிவங்கள் கேட்பார்கள். ட்ரம்ஸ் இல்லாத வடிவம், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனிக் கோப்பாக என்றும் கேட்பார்கள். எதிரொலியும் பின்னணித் தந்தி வாத்தியமும் சேர்ந்தே வந்த மெலடி லூப்பை நீங்கள் எப்படிப் பிரிப்பீர்கள்? பாலும் தண்ணியும் கலந்தாயிற்று.

அப்புறம் காசு. கட்டணம் டொலரில். 2022 இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபா அளவில் இருந்து 350ஐத் தாண்டியபோது, நான் முதல் நிறுத்திய சந்தா இதுதான். சில தளங்களில் சந்தாவை நிறுத்தினாலும் எடுத்தது உங்களுடையதே. ஸ்ப்லைஸ் அந்த வகை. சிலவற்றில் சந்தா இருக்கும் காலத்தில் வெளியிட்ட வேலைக்கு மட்டும்தான் அனுமதி. வாங்கமுதல் அந்த ஒரு பக்கத்தையாவது வாசியுங்கள்.

இலவசப் பொதியும் பழைய இசைத்தட்டும்

இதில் அதிகம் மினக்கெட ஒன்றுமில்லை. டெலிகிராமில் வருகிற பொதிக்குள் எது ஆருடையது என்று அனுப்பினவருக்கே தெரியாது. யாரோ ஒரு பாட்டில் இருந்து வெட்டி, பெயரை மாற்றி, உள்ளே போட்டிருப்பார்கள். உங்களிடம் லைசென்ஸ் தாள் இல்லை, விற்றவர் இல்லை, பிரச்சினை வந்தால் கைகாட்ட ஆளில்லை.

பழைய பாட்டில் இருந்து இரண்டு செக்கன் எடுத்தால் பரவாயில்லை என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் உலாவுகிறது. ஏழு செக்கன் வரை சரி என்றுகூடச் சொல்கிறார்கள். எங்கே இருந்து அந்த ஏழு வந்ததோ தெரியாது. ஜேர்மனியில் கிராஃப்ட்வேர்க் குழுவின் பாட்டில் இருந்து எடுத்த இரண்டு செக்கன் தாளத்துக்காக நடந்த வழக்கு இருபது வருடத்துக்கு மேல் இழுபட்டு, 2019 இல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. காதுக்கு அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றினால் ஒழிய, மிகச் சிறிய துண்டுக்கும் அனுமதி வேண்டும் என்ற அளவில் அங்கே தீர்ப்பு வந்தது. அமெரிக்காவில் 2005 இல் ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் 'லைசென்ஸ் எடு, இல்லாவிட்டால் சாம்பிள் எடுக்காதே' என்று முகத்திலடித்தாற்போல் சொன்னது; 2016 இல் இன்னொரு மேன்முறையீட்டு நீதிமன்றம், அற்பமான துண்டென்றால் குற்றமில்லை என்று அதோடு முரண்பட்டது. நீதிபதிகளே ஒத்துப்போகாத இடத்தில் திருநெல்வேலியில் இருந்துகொண்டு நான் ஏன் தலையைக் கொடுக்கவேண்டும்?

சட்டத்தை விடுங்கள், இதில் ஒரு மனக்குறையும் இருக்கிறது. 1969 இல் வின்ஸ்டன்ஸ் என்ற குழுவின் பாட்டொன்றில் கிரெகரி கோல்மன் அடித்த ஆறேழு செக்கன் ட்ரம்ஸை ஆயிரக்கணக்கான பாட்டுகளில் வெட்டி ஒட்டினார்கள். அந்தத் துண்டை வைத்து உலகம் உழைத்தது. அடித்தவருக்கு அதில் ஒரு சதமும் வரவில்லை.

ஒற்றைச் சத்தமும் மெய்நிகர் வாத்தியமும்

லூப்பை விடு என்றால் உடனே முழு ஓர்க்கெஸ்ட்ராவையும் கூப்பிடு என்று ஆகாது. நடுவில் ஒரு வழி இருக்கிறது. நான் இப்போ பெரும்பாலும் நிற்பது இதில்தான்.

ஒரு அடி, ஒரு தட்டு, ஒரு சலங்கைச் சத்தம் என்று தனித்தனியாக வருகிற சாம்பிளை எடுத்து, தாளத்தை நீங்களே அடுக்குவது. பியானோ, வயலின் போன்றவற்றுக்கு கொன்டாக்ட் மாதிரியான, கொம்பியூட்டருக்குள் மென்பொருளாக இருக்கிற மெய்நிகர் வாத்தியத்தை வைத்துக் கீபோர்ட்டில் நீங்களே வாசிப்பது. ஒரு தனிச் சத்தத்தை எத்தனை பேர் பாவித்தாலும் ஒருவரும் அடையாளம் பிடிக்கமாட்டார்கள், ஏனென்றால் காது பிடிப்பது வரிசையையும் மெட்டையும். அவை உங்களுடையவை. இயந்திரத்துக்கும் ஒப்பிட ஒன்றும் கிடைக்காது. ஏழு அட்சரம் வேண்டுமா, அடுக்கலாம். தைவதத்தை மாற்ற வேண்டுமா, ஒரு கட்டையை மாற்றினால் போச்சு. லைப்ரரி தனித்தனிக் கோப்புக் கேட்டால் பத்து நிமிட வேலை.

குறையும் இருக்கிறது. கமகம். கீபோர்ட்டில் சுரத்தை வளைக்கிற சில்லை எவ்வளவு உருட்டினாலும் மெய்நிகர் நாதஸ்வரம் நாதஸ்வரம் ஆகாது. கலியாண வீட்டில் பிறந்து வளர்ந்த எங்கட காதை ஏமாற்ற ஏலாது. சில மெய்நிகர் வாத்தியங்களுக்குள் ஆயத்த வாக்கியங்களும் இருக்கும், ஒரு விசையை அழுத்தினால் நாலு பார் தானே ஓடும். அதுவும் லூப்தான், உடுப்பு மட்டும் வேறு.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். இங்கே பலரின் கொம்பியூட்டரில் இருப்பது கிராக், காசு கட்டாமல் பூட்டை உடைத்த மென்பொருள். விலையைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும், நானும் அப்படித் தொடங்கியவன்தான். ஆனால் 'எல்லாம் சட்டப்படி என்னுடையது' என்ற பந்தியின் கீழ் பெயரெழுதும்போது அதுவும் கணக்கில் வரும். இலவசமாகவே நேர்மையாகக் கிடைக்கிற மெய்நிகர் வாத்தியங்கள் இப்போ நிறைய இருக்கின்றன. லைப்ரரி வேலைக்கென்று ஒரு சுத்தமான அடுக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளைக் கூப்பிட்டுப் பதிவது

இணுவிலும் அளவெட்டியும் எங்களுக்குக் கூப்பிடு தூரம். தவிலில் தெட்சணாமூர்த்தி, நாதஸ்வரத்தில் என். கே. பத்மநாதன் என்று தமிழ்நாடே கைகட்டிக் கேட்ட பெயர்கள் இந்த மண்ணில் இருந்து போனவை. மருதனார்மடத்தில், முந்தி இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்த பல்கலைக்கழகப் பீடத்தில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் வயலினும் மிருதங்கமும் படித்து வெளியே வருகிறார்கள். அப்படி இருக்க, பெர்லினில் ஒருவர் பதிந்த தபேலாவை டொலர் கொடுத்து வாங்குகிறோம்.

நான் முதன்முதல் தவில் பதிந்த நாள் ஞாபகம் இருக்கிறது. பின்னறையில் யன்னலுக்கு மெத்தையைச் சாத்தி, சுவரில் இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டேன். தவில்காரர் வந்து, வலது கை விரல்களில் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டினார். இடது கையில் கழி. வலந்தலைக்கு (வலப்பக்கத் தோலுக்கு) ஒரு மைக், தொப்பிக்கு (இடப்பக்கத் தோலுக்கு) ஒரு மைக். முதல் அடியிலேயே அளவுகோல் சிவப்பில் போய் நின்றது. மைக்கை மூன்றடி பின்னுக்கு இழுத்தேன். பிறகு ஹெட்போனில் கிளிக் (வேகம் காட்டுகிற இயந்திரத் தட்டு) கொடுத்தேன். நாலு ஆவர்த்தனம் அடித்துவிட்டு நிறுத்தினார்.

"உந்த டிக் டிக்கை நிப்பாட்டும் தம்பி. தாளக்காரன் இல்லாமல் என்னெண்டு அடிக்கிறது?"

நியாயம்தான். மேளச் சமாவில் தாளத்துக்கென்றே ஓர் ஆள் நிற்பார். அடுத்த முறை, கிளிக்கைக் கேட்டுக்கொண்டு தாளத்தை முதலில் ஒருவர் தட்ட, அதைப் பதிந்து ஹெட்போனில் கொடுத்தேன். அன்றைக்கு விழுந்த மிஸ்ர சாபு, நான் செய்ததில் இன்றுவரைக்கும் நல்ல ஒலிப்பதிவு. இரண்டாம் பதிவு பாண் ஓட்டோவால் போனது என்பதையும் மறைக்கக்கூடாது. நாதஸ்வரம் பதிகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பாரி நாதஸ்வரம் (நீளமான வகை) இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியை ஒட்டித்தான் நிற்கும், உங்கள் பாட்டை முதலே டி அல்லது டி சார்ப்புக்குக் கொண்டுவந்து வையுங்கள். வாத்தியத்தைப் பாட்டுக்கு வளைக்க நினைத்தால் அன்றைய நாள் வீண்.

இந்த வழியின் ஆபத்து எங்கே என்றால், நாங்கள் வாய்ப்பேச்சில் நடத்துகிறவர்கள். "அண்ணை, ஒரு பாட்டுக்கு வாங்கோ" என்று கூப்பிட்டு, கையில் காசைக் கொடுத்து, தேத்தண்ணி குடித்து அனுப்பிவிடுவோம். வாசித்தவருக்கும் சட்டத்தில் உரிமை இருக்கிறது. அவர் வாசித்ததை நான் துண்டு துண்டாக வெட்டி அடுத்த பத்துப் பாட்டுக்குப் பாவித்தால், அது அவருக்குச் சொல்லாமல் செய்த வேலை. அந்தத் தவில்காரரே கேட்டார்: "இதை வெட்டி வேறை ஆருக்கும் குடுப்பீரோ?" அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. லூப் பொதிக்குள் இருக்கிற ஒவ்வொரு வாசிப்புக்குப் பின்னாலும் இப்படி ஒருவர் ஓர் அறையில் இருந்திருப்பார்.

இப்போ ஒரு பக்கத் தாள் வைத்திருக்கிறேன், தமிழிலேயே. என்ன வாசித்தார், எந்தத் திகதி, எவ்வளவு கொடுத்தேன், இந்தப் பாட்டுக்கு மட்டுமா அல்லது என் மற்ற வேலைகளுக்கும் பாவிக்கலாமா, பெயர் போடவேண்டுமா, மூன்றாம் ஆளுக்குச் சாம்பிளாக விற்கமாட்டேன். இருவரும் கையெழுத்து. மற்ற வேலைகளுக்கும் என்றால் காசு கூட. ஒரு முழு நாள் பதிவு கொஞ்சம் கனக்கத்தான் செய்யும். ஆனால் அந்த ஒரு நாளில் எட்டுப் பத்து நடைகளும், தனி அடிகளும், சில கோர்வைகளும் எடுத்தால் அது உங்கள் சொந்தச் சத்தக் களஞ்சியம். உலகத்தில் வேறு எந்தப் பொதியிலும் அது இருக்காது. வெளிநாட்டு லைப்ரரிக்கு எங்களிடம் இருந்து வேண்டியதும் அதுதான். சி மைனர் பியானோ அவர்களிடம் குவிந்து கிடக்கிறது.

செயற்கை நுண்ணறிவைக் கேட்கிறவர்களுக்கு

தம்பியும் கேட்டான். எழுதிக் கொடுத்தால் பாட்டுத் தருகிற சுனோ, யூடியோ இரண்டின் மீதும் 2024 ஜூனில் பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டன. தங்கள் பதிவுகளை அனுமதியில்லாமல் ஊட்டி அவற்றைப் பயிற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு. அதோடு, மனித ஆக்கம் இல்லாததற்குப் பதிப்புரிமை தரமாட்டோம் என்பது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் நிலைப்பாடு. உங்களுக்கே உரிமை இருக்கிறதா என்று கேள்விக்குறியாக இருக்கும் ஒன்றை எப்படி எழுதிக் கொடுப்பீர்கள்? வீட்டில் வைத்து விளையாடலாம், மெட்டுக்கு ஒரு யோசனை பிடிக்கலாம். ஒப்பந்தத்தில் போடவேண்டாம்.

அப்போ எந்த வேலைக்கு எது

கலியாண வீடியோ, சாமத்திய வீட்டு வீடியோ, ஒருதரம் பார்த்துவிட்டு அல்பத்தோடு அலுமாரிக்குள் போகிறவை: காசு கட்டி எடுத்த லூப் தாராளமாகப் போதும். லைசென்ஸ் தாளைத் திகதியோடு சேமித்துவையுங்கள், அவ்வளவுதான். பாதுகாப்புக்கு மெலடி லூப்பைத் தனியாக ஒலிக்க விடாமல் மேலே நீங்கள் எதையாவது வாசியுங்கள். தனியாக நிற்கிற லூப்பைத்தான் இயந்திரம் சுலபமாகப் பிடிக்கும்.

கடை விளம்பரத்துக்கு மெலடி லூப் வேண்டவே வேண்டாம். அந்த முதலாளி காசு தருவது 'இது எங்கட கடைப் பாட்டு' என்ற ஒன்றுக்காக. அடியில் ஒரு சலங்கை லூப், ஒரு ஷேக்கர் லூப் ஓடினால் பரவாயில்லை. அடையாளமாக ஒலிக்கிற அந்த ஐந்தாறு சுரம் உங்களுடையதாக இருக்கவேண்டும், அதை உங்கள் விரலால் வாசியுங்கள்.

குறும்படமும் பக்திப்பாட்டும் என்றால் இரண்டு வாத்தியமாவது ஆளை வைத்துப் பதியுங்கள். படம் நாளைக்கு ஒரு விழாவுக்குப் போகலாம், பாட்டு லண்டனில் ஒரு தேர்த்திருவிழாவில் ஒலிக்கலாம்; அப்போது திரும்பிப் போய்த் திருத்த ஏலாது.

லைப்ரரி வேலைக்கு, அதுவும் தனியுரிமை (தங்களுக்கு மட்டுமே என்ற உரிமை) கேட்கிற ஒப்பந்தம் என்றால், மெலடியும் குரலும் உள்ள எந்த லூப்பையும் தொடமாட்டேன். ட்ரம்ஸ் லூப்பைப் பற்றி லைப்ரரிக்கு லைப்ரரி விதி வேறு. சிலர் விடுவார்கள், சிலர் கூடவே கூடாது என்பார்கள். கேட்டால் குறைந்துபோகமாட்டோம், ஒரு மின்னஞ்சல்தான். தனியுரிமை கேட்காத லைப்ரரிகளும் உண்டு. அங்கே லூப் வைத்த ட்ராக்குக்கு இடமிருக்கலாம், ஆனால் லூப் விற்ற தளத்தின் விதி லைப்ரரிக்குக் கொடுப்பதை அனுமதிக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்கவேண்டும். அப்பிள் லூப்புகளை எடுத்துக்கொண்டால், பாட்டுக்குள் பாவிக்கலாம், தனியாகவோ பின்னணிப் படுக்கையாக மறுபடி பொதி கட்டியோ விற்கக்கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு லூப்பை ஓடவிட்டு அதன்மேல் ஒரு பேஸை மட்டும் போட்ட ட்ராக் இதில் எந்தப் பக்கம் விழும்? அதை ஒரு வழக்கறிஞர்தான் சொல்லவேண்டும்.

தம்பியின் பத்துக்கு வருவோம். லூப் இல்லாத நாலும் அப்படியே போகிறது. ட்ரம்ஸ் லூப் மட்டும் இருந்த மூன்றில், தாளத்தை ஒற்றைச் சத்தத்தில் திரும்ப அடுக்கச் சொன்னேன். அவனுக்கு இரண்டு இரவு பிடித்தது, ஒன்று முந்தினதைவிட நல்லாய் வந்தது, மற்ற இரண்டும் கொஞ்சம் உயிர் குறைவு. மிச்ச மூன்றும், லூப்பைக் கழற்றினால் ஒன்றும் மிஞ்சாதவை. அதில் ஒன்றின் குழல் வரிக்கு ஒரு வயலின் பிள்ளையைக் கூப்பிட்டான். அதே மெட்டையே வாசிக்க வைக்கப் பார்த்தான். மெட்டும் லூப் செய்தவருடையதுதான், வாசிப்பவரை மாற்றினால் உரிமை மாறாது என்று தடுத்தேன். புதுசாக ஒரு மெட்டுப் போடச் சொன்னதும் கோவித்துக்கொண்டு போனவன், மூன்று நாள் கழித்து அனுப்பினான். ஏழு அட்சரத்தில் போட்டிருக்கிறான். நடுவில் ஓரிடத்தில் தாளம் இன்னும் இடறுகிறது, அதைத் திருத்தச் சொல்லியிருக்கிறேன்.

ஒப்பந்தத்தில் பத்து என்று இருந்ததை எட்டாக்கிக் கேட்டு எழுதியிருக்கிறான். மற்ற இரண்டும் இப்போதைக்கு ஒரு கலியாண வீடியோக்காரரிடம் இருக்கின்றன.